கடை என் காசில் போட்டது, யாருக்கு விற்பது என்று சட்டம் சொல்லலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடை என் காசில் போட்டது, யாருக்கு விற்பேன் யாருக்கு விற்கமாட்டேன் என்பதை நான்தானே முடிவு செய்ய வேண்டும்? பாகுபாடு பார்க்கிற கடைக்கு நாலு பேர் போகாமல் விட்டால் அவனே வழிக்கு வருவான், இல்லையென்றால் கடையை மூடுவான், இதில் சட்டத்துக்கு என்ன வேலை? அமெரிக்காவிலேயே கேக் கடைக்காரர்தானே ஜெயித்தார்?

என் பதில்: சட்டம் கட்டாயப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் கடைக்காரன் கெட்டவன், அவனைத் தண்டிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கடைக்காரன் முதலில் சுதந்திரமாக இருக்கிறானா என்பதே எனக்குச் சந்தேகம். எங்கள் பெரியப்பா கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அவர் டீக்கடை வைத்திருந்தார், எண்பதுகளின் கடைசியில். கீற்றுக் கொட்டகை, பித்தளை பாய்லர், முன்னால் இரண்டு பெஞ்சு. கொட்டகையின் பின்பக்கம் எரவாணத்தில் நாலைந்து கண்ணாடி கிளாஸ் செருகியிருக்கும். காலனியில் இருந்து வருகிறவர்கள் நேராகப் பின்பக்கம் போய் ஆளுக்கொன்றை உருவிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். பெரியப்பா கிளாசில் கைபடாமல் உயரத் தூக்கி ஊற்றுவார். குடித்துவிட்டு அவர்களே கழுவி, திரும்பச் செருகிவிட்டுப் போக வேண்டும். முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் கிளாஸைக் கழுவுவதற்கு ஒரு பையன் இருந்தான். டீ ஒரே டீ, விலையும் ஒரே விலை, காசு விழுகிற டப்பாவும் ஒன்றுதான்.

பின்னாளில் சட்டம் படிக்கப் போன திமிரில் அவரிடம் இதைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கென்னடா, ஒரே கிளாசுல ஊத்திட்டுப் போறேன். மறுநாள் பால் யாரு ஊத்துவா? கடை நிக்கிற எடம் யாரோடது?" என்றார். பால்காரரும் இடத்துக்காரரும் ஊரில் பெரிய ஆட்கள். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

ஒருநாள் பக்கத்து ஊர் டீக்கடைக்காரர் ஒருவர் மேல் தீண்டாமைக் கேஸ் போட்டு உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த வாரமே எரவாணத்துக் கிளாஸ் எல்லாம் காணாமல் போனது. ஊரில் இரண்டு பேர் வந்து "என்ன, புதுப் பழக்கமா இருக்கு?" என்று கேட்டபோது பெரியப்பா சொன்ன பதில்: "எனக்குப் பதிலா நீ உள்ள போறியா?" கேட்டவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பால் நிற்கவில்லை, இடத்தையும் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.

அவர் மனசு மாறியது என்று நான் சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரியாது. சட்டம் அவருக்கு ஒரு சாக்குக் கொடுத்தது, அவ்வளவுதான். அந்தச் சாக்கு இல்லாமல் அவரால் அதைச் செய்திருக்கவே முடியாது.

'சந்தை பார்த்துக்கொள்ளும்' என்கிறவர்கள் கோட்டைவிடுகிற இடம் இதுதான். கடைக்காரன், வாடிக்கையாளன் என்று இரண்டே பேர் நிற்கிற மாதிரி அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். நடுவில் ஊர் நிற்கிறது. எல்லோருக்கும் விற்கிறவனுக்கு வியாபாரம் கூடும் என்பது புத்தகக் கணக்கு, ஊரில் அவனுக்கு இருக்கிற வியாபாரமும் போகும். தீண்டாமை பார்த்தால்தான் கடை ஓடும் என்கிற இடத்தில் சந்தை தீண்டாமைக்குத்தான் பரிசு கொடுக்கும்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். மிட்டாய் வாங்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பெட்டிக்கடைக்காரர், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், உங்கள் தெருவுக்கு இனி எதுவும் விற்கக்கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார். அதை வீடியோ எடுத்து, அதுவே வெளியே வந்து, அவர் கைதாகி, கடைக்குச் சீல் வைத்தார்கள். அந்தக் கொடுமையில் எல்லோரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தோம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் 'கட்டுப்பாடு' என்ற அந்தச் சொல்லையும் கவனியுங்கள். எனக்குப் பிடிக்கவில்லை, விற்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஊர் சொல்லியிருக்கிறது என்றார். (அவர் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுப்பாட்டை அவர் சந்தோஷமாகத்தான் நிறைவேற்றியிருக்கலாம்.) அப்புறம் எஸ்சி எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவை எடுத்து, குற்றம்சாட்டப்பட்ட 5 பேர் 6 மாதம் அந்த ஊருக்குள்ளேயே வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைக்காரரோடு நிறுத்திக்கொள்ளாமல் கட்டுப்பாடு போட்ட ஆட்கள் வரைக்கும் போனது பாருங்கள், அதுதான் சரியான வைத்தியம்.

நம் சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்த விஷயம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றைக் காட்டிக் கடை, ஓட்டல், பொழுதுபோக்கு இடம் எதிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. அரசு தடுக்கக்கூடாது என்று மட்டும் சொல்லவில்லை, தனியாரையும் சேர்த்துக் கட்டுகிற பிரிவு அது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றிக் கேள்வி வந்தபோது அம்பேத்கர், 'கடை' என்ற சொல்லை விரிந்த பொருளில்தான் போட்டிருக்கிறோம், காசுக்குச் சேவை தருகிற எல்லோரும் அதில் அடக்கம் என்று விளக்கினார்.

1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அதைக் கடுமையாக்கிக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் (சிவில் உரிமைகளுக்கானது, நாட்டுக் குடியுரிமை பற்றியது இல்லை) என்று பெயர் மாற்றினார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அதை ஒருமுறை படித்துப் பாருங்கள், ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதின மாதிரி இருக்கும். ஓட்டலில் பொதுமக்களுக்கென்று வைத்திருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுத்தால் குற்றம் என்று 4-ஆவது பிரிவில் தனியாகவே போட்டிருக்கிறார்கள். எரவாணத்துக் கிளாஸ் நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது. 6-ஆவது பிரிவு, மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் விற்கிறாயோ அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் இவருக்கும் விற்க வேண்டும் என்கிறது. 'பின்பக்கம் வா', 'கூட்டம் போனதும் வா' எல்லாம் அதில் அடிபட்டுப் போகும். 12-ஆவது பிரிவு இன்னும் ஒருபடி மேலே. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதிக்காரர் என்றால், தடுத்தது தீண்டாமையால்தான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது தடுத்தவன் வேலை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 7-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. தீண்டாமை பார்க்க மாட்டேன் என்று சொன்னதற்காகத் தன் சாதிக்காரன் ஒருவனை யாராவது ஒதுக்கிவைத்தால், ஒதுக்கி வைத்தவர்களுக்குத் தண்டனை. அது எழுதப்பட்டிருப்பது பெரியப்பா மாதிரி ஆட்களுக்காக. பொதுவாக இதை யாரும் பேசுவதே இல்லை.

சரி, கட்டாயப்படுத்துவது அடிமைத்தனம் இல்லையா என்று ஒரு கேள்வி வரும். கேட்டிருக்கிறார்கள். 1964 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்ட சூட்டோடு சூடாக, அட்லாண்டாவில் 216 அறைகள் உள்ள ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டலின் முதலாளி வழக்குப் போட்டுவிட்டார். மனிதர் வக்கீலும்கூட, அவரே வாதாடினார். கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்கச் சொல்வது என்னைக் கொத்தடிமையாக நடத்துவது, அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்துக்கே விரோதம் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. கறுப்பர்களின் விடுதலைக்காக வந்த திருத்தத்தையே எடுத்து வீசினார், தைரியம்தான்! அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 9 பேரும் ஒருமனதாகத் தள்ளினார்கள். வழியில் வருகிற பயணிக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்திலேயே சத்திரக்காரனுக்கு இருந்த கடமை, அந்தத் திருத்தத்தைவிடப் பழையது என்பதையும் சுட்டிக்காட்டினார்கள்.

அதே நாளில் தீர்ப்பான இன்னொரு வழக்கு இன்னும் சுவையானது. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஆலீஸ் பார்பிக்யூ என்று ஒரு சாப்பாட்டுக் கடை, 220 பேர் உட்காரலாம். வேலையாட்கள் 36 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஆனால் 1927-இல் கடை திறந்ததிலிருந்தே கறுப்பினத்தவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது, பார்சல் வாங்கிக்கொண்டு போகலாம். கேட்ட மாதிரி இருக்கிறதா?

இங்கே எதிர்த்தரப்பின் நல்ல வாதம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தெற்கில் கடைக்காரர்களைப் பிரித்து நடத்தச் சொன்னதே அரசாங்கம்தான், அந்தச் சட்டத்தை எடுத்தாலே போதும், கட்டாயம் எதற்கு என்பார்கள். பாதி உண்மை. பர்மிங்ஹாம் நகரச் சட்டமே ஓட்டலுக்குள் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் நடுவில் 7 அடி உயரத் தடுப்பு வேண்டும் என்று எழுதிவைத்திருந்தது. ஆனால் 1963 ஜூலையில் நகர சபை அந்தச் சட்டங்களை ரத்து செய்துவிட்டது. தடுப்பு போன பிறகும் ஆலீஸ் கடைக்காரர் மாறவில்லை. உள்ளே விட்டால் வெள்ளைக்காரர்கள் வரமாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்றுதான் நீதிமன்றத்தில் சொன்னார். எங்கள் பெரியப்பாவின் பால்காரர் அங்கேயும் இருந்திருக்கிறார். ஆக, எழுதின சட்டத்தை எடுத்தாலும் எழுதாத கட்டுப்பாடு அப்படியே நிற்கும். தெற்கே பல கடை முதலாளிகளுக்கு முதல் ஆளாக மாறத்தான் பயமே தவிர, எல்லோருக்கும் ஒரே விதி என்று வந்ததும் நிம்மதியாகவே இருந்தது என்று பொருளாதார வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

புறக்கணிப்பால் எதுவும் நடக்காதா என்றால், நடக்கும். 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி கிரீன்ஸ்பரோ நகரில் வுல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேசையில் நாலு கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். ஜூலை 25-இல் கடை இறங்கி வந்தது. சுமார் 2 லட்சம் டாலர் வியாபாரம் போன பிறகு! ஒரு ஊரில் ஒரு கடையைத் திருத்த ஆறு மாதமும் ஆயிரக்கணக்கான மாணவர்களும் தேவைப்பட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பட்டியல் சாதி மக்கள் ஒரு டீக்கடையைப் புறக்கணித்தால் என்ன ஆகும்? அடுத்த நாள் வயல் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். புறக்கணிக்கிற பலம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் புறக்கணிப்பைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

கொத்தடிமை வாதத்துக்குத் திரும்பி வருகிறேன், நம் ஊரில் அதற்கு விசித்திரமான ஒரு முகம் உண்டு. கிராமத்தில் முடிதிருத்துகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் அவருக்குக் கூலி அறுவடைக்கு அறுவடை களத்தில் நெல்லாகக் கிடைக்கும். வீடு தேடிப் போய் முடிவெட்ட வேண்டும், கூப்பிட்ட நேரத்தில் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. அதே ஆள் காலனிக்காரருக்குக் கத்தி வைத்தால் ஊரில் அவருக்கு வேலை கிடையாது. செய் என்பதும் செய்யாதே என்பதும் ஊர் போட்ட உத்தரவுதான். இன்றைக்கு அவர் மகன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சலூன் போட்டுக் கண்ணாடி, சுழல் நாற்காலி எல்லாம் வைத்திருந்தாலும், 'எங்க ஆளுக வரமாட்டாங்க அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க' என்று சொல்கிற ஊர்கள் இருக்கின்றன. இவரைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, ஐயோ சுதந்திரம் போகிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எந்தச் சுதந்திரம்?

அப்புறம் அந்தக் கேக். இதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2012-இல் ஓர்பால் ஜோடிக்குத் திருமணக் கேக் செய்து தர மாட்டேன், என் மதம் இடம் கொடுக்காது என்று மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் கடைக்காரர் மறுத்தார். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது உண்மை. ஆனால் கடைக்காரருக்கு மறுக்கிற உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வழக்கை விசாரித்த மாநில ஆணையம் அவருடைய மத நம்பிக்கையை ஏளனமாகப் பேசியது, நடுநிலையாக விசாரிக்கவில்லை, அதனால் அந்த முடிவு செல்லாது என்றது. 2023-இல் வந்த 303 கிரியேட்டிவ் வழக்கில்தான் 6-க்கு 3 என்று ஒரு படி மேலே போனார்கள். திருமண இணையதளம் வடிவமைக்கிறவரை, அவருக்கு உடன்பாடில்லாத கருத்தைச் சொல்லும்படி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள். நீதிபதிகளே அங்கே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள், அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் எனக்கும் சங்கடம் இருக்கிறது.

வட அயர்லாந்து வழக்கு எனக்கு இதைவிடத் தெளிவாகப் படுகிறது. 2014-இல் பெல்ஃபாஸ்டில் ஆஷர்ஸ் என்ற பேக்கரியில் ஒருவர் 36.50 பவுண்டுக்கு ஒரு கேக் ஆர்டர் கொடுத்தார், மேலே ஓர்பால் திருமணத்தை ஆதரியுங்கள் என்று எழுதித்தர வேண்டும். பேக்கரிக்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் சேர்ந்து பேக்கரிக்கு ஆதரவாகச் சொன்னது: அந்த வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள், அதனால் ஆளைப் பார்த்து மறுத்ததாக ஆகாது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் ஃபிளெக்ஸ் கடைதான். காலனியைச் சேர்ந்த ஒரு தம்பி ஃபிளெக்ஸ் பிரிண்டிங் வைத்திருக்கிறார். ஆண்ட பரம்பரை என்று அரிவாளோடு ஒரு பேனர் அடித்துக் கொடு என்று கேட்டு வருகிறார்கள். அவர் மறுக்கலாமா? தாராளமாக. அதை அவர் கையால் அடிக்கச் சொல்வது அவர் வாயால் சொல்ல வைப்பதற்குச் சமம். அதே ஆட்கள் காதுகுத்துக்குப் பிள்ளை படம் போட்டு ஒரு பேனர் கேட்டால், நீ அந்தச் சாதி என்று அவர் மறுக்கக் கூடாது. சொல்ல வைப்பது வேறு, விற்க வைப்பது வேறு. முதலாவதில் சட்டம் கையை வைக்கக்கூடாது, இரண்டாவதில் வைத்தே தீர வேண்டும். நடுவில் கொஞ்சம் மங்கலான இடம் உண்டு, போட்டோகிராபர், கவிதை எழுதித் தருகிறவர் இப்படி. அங்கே வழக்குக்கு வழக்கு பார்த்துக்கொள்ளலாம். டீயில் என்ன கருத்து இருக்கிறது? முடிவெட்டுவதில்?

நம் சட்டங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் 100 முதல் 500 ரூபாய். 1976-இல் போட்ட தொகை. இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. பெரிய ரகளை ஆனது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம்: வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். வேட்டிக்கு 25,000, ஆளுக்கு 500! நியாயமாகச் சொன்னால் 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் கடையில் தடுப்பதும் சமூகப் புறக்கணிப்பும் சேர்ந்துவிட்டன, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனாலும் அடுத்த மாதமே சட்டம் கொண்டுவர முடிகிற வேகம் யாருக்காக வருகிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஓட்டை வேறு இடத்திலும் இருக்கிறது. சாதித் தீண்டாமை அல்லாத பாகுபாட்டுக்கு நம்மிடம் பொதுவான தண்டனைச் சட்டம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-இலும், திருநங்கையர், திருநம்பியருக்கு 2019-இலும் தனித்தனிச் சட்டம் வந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரு மசோதாவை 2017-இல் சசி தரூர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. முஸ்லிம் என்று வீடு தர மறுத்தால்? சென்னையில் புரோக்கர் போனிலேயே "சார் வெஜ்ஜா?" என்று கேட்பதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். வீட்டு மாடியில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுகிறவரையும் 200 பிளாட் கட்டி விற்கிற கம்பெனியையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன், ஆனால் கம்பெனியைச் சும்மா விடக்கூடாது. நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டும்தான் உறுப்பினர் உரிமை என்ற விதி செல்லும் என்றுவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

நிரூபிப்பதுதான் எப்போதும் கஷ்டம். இப்போது யாரும் உன் சாதிக்கு இல்லை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை நிறுத்தினார்கள். வீடியோ பரவியதும் உள்ளே விட்டுவிட்டு, படத்துக்கு யு/ஏ சான்றிதழ், 12 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தார்கள், அதனால்தான் என்று விளக்கம் சொன்னார்கள். வழக்குப் பதிவானது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அதே காட்சிக்கு வேறு யாராவது சின்னப் பிள்ளைகளோடு உள்ளே போனார்களா? டீக்கடையில் பேப்பர் கப்புக்கும் இதே கேள்விதான். சுத்தம் என்று எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுத்தால் சரி. சிலருக்குக் கண்ணாடி, சிலருக்குக் கப் என்றால் எரவாணம் கடைக்குள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதனால் உங்களுக்கோ உங்கள் கண்ணெதிரிலோ இப்படி நடந்தால் கோபத்தில் கத்திவிட்டு வந்துவிடாதீர்கள். மணி என்ன, உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் யாருக்கு என்ன கொடுத்தார்கள், எதில் கொடுத்தார்கள், என்ன சொல்லி மறுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வீடியோ. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு கேட்பது அதைத்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிந்தால் விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. ஸ்டேஷனில் இழுத்தடித்தால் 14566 என்ற இலவச எண் இருக்கிறது. புகாரில் கடையின் உரிமத்தையும் மறக்காமல் எழுதுங்கள். தண்டனை ஆனால் உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. 500 ரூபாய்க்குப் பயப்படாத ஆள் லைசென்ஸ் என்றதும் எழுந்து வந்து பேசுவார்.